புளிபோட்டு மினுக்கிய துவக்கு

மீசாலைக் கதிரவேலருக்குப் பெண்சாதி ஒன்று, துவக்கு ஒன்று. இரண்டில் எதை முதலில் சொல்வதென்று கேட்டால் ஊர் சிரிக்கும். பெண்சாதி நல்லம்மாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை யாரும் கேட்டதில்லை. "இஞ்சை" என்று ஒரு குரல் கொடுத்தால் அவள் வந்து நிற்கவேண்டும், அவ்வளவுதான். துவக்கை மட்டும் கிழமைக்கு ஒருக்கால் மடியில் கிடத்தி, பிள்ளைக்கு எண்ணெய் வைப்பதுபோலத் துடைப்பார். மாம்பழக் காலத்தில் வௌவாலுக்கு வெடிவைக்கவென்று லைசென்சோடு வாங்கிய ஒற்றைக்குழல் துவக்கு. "பிள்ளையில்லாத வீட்டிலை கிழவன் துள்ளி விளையாடினானாம்" என்று பக்கத்து வளவுச் சிவக்கொழுந்து வேலிக்கு மேலால் பகிடி பண்ணுவாள். நல்லம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுக்களைக்குள் போய்ச் சும்மா இருப்பாள். பிள்ளை இல்லாதது ஒரு குறை. இருக்கிற ஒரு மனிசனும் தன்னோடு கதைக்காதது இன்னொரு குறை. இரண்டாவதுதான் பெரிது என்பதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை.

எண்பத்துநாலாம் ஆண்டு ஆனி மாதம், கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் வௌவால் விழுந்த ஒரு பொழுதுபடும் நேரம், கதிரவேலர் நாலு வெடி வைத்தார். அடுத்த தோட்டாவைப் போடக் குனிந்தவர் அப்படியே மரத்தடியில் சரிந்தார். வலப்பக்கம் முழுவதும் இழுத்துவிட்டது. பேச்சும் போனது. முழுதாகப் போகவில்லை, ஒரேயொரு சொல் மிஞ்சியது. "இல்லை." கஞ்சி வேணுமோ என்றால் இல்லை, வேண்டாமோ என்றாலும் இல்லை. கோயில் மணி அடித்தாலும் இல்லை, காகம் கத்தினாலும் இல்லை.

"நரம்பு இழுத்த ஆக்களுக்கு உப்பிடி ஒரு சொல்லு நாக்கிலை ஒட்டிக்கொண்டு நிண்டிடும், பிள்ளை. நினைக்கிறது ஒண்டு, வாயாலை வாறது ஒண்டு. நீ குறை நினையாதை" என்று நாடி பிடித்துப் பார்த்த பரியாரியார் சொல்லிவிட்டுப் போனார். குறை நினைக்க நல்லம்மாவுக்கு என்ன இருக்கிறது? முந்தியும் அவர் நாளுக்கு நாலு சொல்லுத்தான் சொன்னவர். இப்போது ஒன்று. மூன்று குறைந்துபோயிற்று.

அன்று மரத்தடியில் கிடந்த துவக்கைச் சிவக்கொழுந்தின் மூத்த மகன் எடுத்துவந்து வீட்டுக் கூரை வளையில் செருகிவிட்டுப் போனான். வெடிவைத்தபடியே, துடைக்காமல் கிடந்தது. நல்லம்மா அதைத் தொடவில்லை. பொம்பிளைகள் துவக்கைத் தொடக்கூடாதென்பது கதிரவேலர் அந்த வீட்டில் போட்ட சட்டம்.

ஐப்பசி பிறந்து மழை இறங்கியது. ஊறவைத்த ஓலையை எடுத்து வைத்து நல்லம்மா கிடுகு பின்னிக்கொண்டிருந்த ஒரு காலைநேரம், ஊர் நிர்வாகம் பார்க்கிற விதானையார் சீவரத்தினம் சைக்கிளை வாசல் படலையில் சாத்திவிட்டு, நனைந்த குடையை உதறிக்கொண்டு வந்தார்.

"மனிசன் எப்பிடி, நல்லம்மா?"

"அப்பிடியேதான். நனையாமல் உள்ளுக்கை வாங்கோ, விதானையார். தேத்தண்ணி வைக்கட்டே?"

"தேத்தண்ணி கிடக்கட்டும். துவக்கு எங்கை?"

"வளையிலை கிடக்கு. ஏன்?"

"லைசென்சுத் துவக்கு வைச்சிருக்கிற ஆக்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமைக்கிடையிலை பொலிஸ் ஸ்ரேசனிலை கொண்டுபோய்க் குடுக்கவேணுமாம். ஓடர் வந்திருக்கு."

"கொண்டுபோங்கோவன். எனக்கென்னத்துக்கு உது?"

"கொண்டுபோறது பெரிய காரியமில்லை, பிள்ளை. குழாயைத் திறந்து பாக்கிறாங்கள். உள்ளுக்கை கரி கிடந்தால் வெடிவைச்ச துவக்கெண்டு பிடிச்சிடுவாங்கள். ஆர் வைச்சது, ஆருக்கு வைச்சதெண்டு கேள்வி வரும். அங்காலை ஒருத்தன் காட்டுப்பண்டிக்கு வெடிவைச்சிட்டுத் துடையாமல் கொண்டுபோய்க் குடுத்தவனாம். துவக்கும் திரும்பேல்லை, ஆளும் திரும்பேல்லை."

"இவர் வௌவாலுக்கெல்லோ வைச்சவர்? ஆனி மாசம். ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமே? படுக்கையிலை கிடக்கிற மனிசன் வெடிவைச்சிருக்க ஏலாது, அப்ப ஆர் வைச்சதெண்டு தேடுவாங்கள். தேடினால் முதல் எங்கை போவாங்கள்?" விதானையார் குரலைத் தாழ்த்தி வேலிப் பக்கம் பார்த்தார். சிவக்கொழுந்துக்கு வளர்ந்த மகன்கள் இருவர், ஆமி பிடித்துக்கொண்டு போகிற வயது. நல்லம்மாவின் கை ஓலையில் நின்றுவிட்டது.

"துடைச்சு வை. நல்ல துப்பரவா இருக்கவேணும். வெள்ளிக்கிழமை நானும் கூட வாறன்."

"எனக்குத் துவக்குத் துடைக்கத் தெரியாதே, விதானையார்."

"எனக்கும் தெரியாது. இந்தக் குறிச்சியிலை தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான்" என்று விதானையார் உள்ளே கட்டிலைப் பார்த்தார். கட்டிலிலிருந்து "இல்லை" என்று பதில் வந்தது.

அவர் சைக்கிள் ஒழுங்கை திரும்புவதற்குள் சிவக்கொழுந்து வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்துவிட்டாள். வேலிக்குக் காது உண்டு.

"கேட்டனான் அக்கை, எல்லாம் கேட்டனான். என்ரை பெடியளை விட்டிடுவாங்களே?"

"உன்ரை பெடியளுக்கு ஒண்டும் வராது. துவக்கைத் துடைச்சிட்டால் சரி. பயப்பிடாதை."

"எதாலை துடைக்கிறது?"

கதிரவேலரின் துடைப்புச் சாமான்கள் ஒரு பழைய பிஸ்கற் தகரத்துக்குள் கிடந்தன. கோல் நல்லாயிருந்தது. கோலின் முனையில் பூட்டித் தேய்க்கிற பிறசு மயிர் கொட்டிப்போய்க் கிடந்தது. எண்ணெய்ப் போத்தலின் அடியில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது.

"உதெல்லாம் ஆம்பிளையளின்ரை விளையாட்டுச் சாமான்" என்று சிவக்கொழுந்து தகரத்தை மூடினாள். "இரும்பெண்டாலென்ன பித்தளையெண்டாலென்ன? அழுக்கெண்டால் பழப்புளியும் சாம்பலும்தான், அக்கை. கோயில் விளக்கு எத்தினை மினுக்கியிருப்பம்? உது என்ன விளக்கிலும் பெரிசே?"

நல்லம்மாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குக் கறுப்பைக் கண்டால் கை புளிப்பானைக்குத்தான் போகும். இருவரும் துவக்கைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார்கள். முறித்துத் திறக்கிற துவக்குத்தானே, திறந்து, குழாய்க்குள் புளிக்கரைசலை ஊற்றி, தடியில் தும்பு சுற்றி இடித்தார்கள். வெளியே சாம்பலும் புளியும் வைத்து உரஞ்சினார்கள். மழைக்குளிருக்குள்ளும் வேர்த்தது.

வீட்டுக்குள்ளிருந்து "இல்லை! இல்லை!" என்று சத்தம் கேட்டது.

நல்லம்மா கை கழுவிவிட்டு ஓடினாள். மனிசனைப் புரட்டிப் பார்த்தாள், துணி நனையவில்லை. தண்ணீர் பருக்கினாள், துப்பினார். "என்ன வேணும் உங்களுக்கு? வேலை கிடக்கு, சும்மா கிடவுங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கிணற்றடிக்கு வந்தாள்.

"என்னவாமக்கை?"

"ஆருக்குத் தெரியும்? வழக்கமான பாட்டுத்தான்."

அவர் கத்திக்கொண்டேயிருந்தார். அவர்கள் உரஞ்சிக்கொண்டேயிருந்தார்கள். கருநீலமாக இருந்த இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து வெள்ளியாக மின்னியது. சிவக்கொழுந்து அதைத் தூக்கிப் பிடித்து, "இந்தா, பொம்பிளை பாக்க வாற ஆக்களுக்கும் காட்டலாம்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அந்த ஒரு நாள்தான் கிடைத்தது.

மறுநாள் காலையில் துவக்கு முழுவதும் துருவேறிக் கறள் பூத்திருந்தது. வெளியே மஞ்சளாய், குழாய்க்குள் செம்மண் அப்பியதுபோல. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். நேற்று கரி மட்டும் இருந்த இடத்தில் இன்று கரியும் கறளும் சேர்ந்து இருந்தன. துவக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் நல்லம்மாவுக்கு உறைத்தது, மனிசன் நேற்றுக் கத்தியது வழக்கமான பாட்டல்ல. ஆயிரம் தடவை பொருளில்லாமல் வந்த சொல், ஒரு தடவை சரியான பொருளோடு வந்திருக்கிறது. அந்த ஒரு தடவையை அவள் கேட்கவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

சிவக்கொழுந்தை மனிசனோடு இருத்திவிட்டு, அவள் சந்தைக்கு ஓடுகிற தட்டிவானில் ஏறிச் சாவகச்சேரிக்குப் போனாள். சந்தைக்குப் பக்கத்தில் குருநகர்க் கிறகோரி ஒரு கடை வைத்திருந்தான். வலை, கயிறு, வள்ளத்து எஞ்சின் சாமான், தண்ணிப் பம்புச் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். கடையில் ஆள் குறையும்வரை நின்றாள்.

"என்னம்மா வேணும்?"

"ஒரு குழாய் துடைக்கவேணும், தம்பி. உள்ளுக்கை கறள்."

"பம்புக் குழாயோ?"

"இல்லை." அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "துவக்கு. லைசென்சுத் துவக்குத்தான். ஸ்ரேசனிலை குடுக்கவேணும்."

கிறகோரி எழும்பி வந்து கிட்ட நின்றான். "அம்மா, உதை இனி ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ. வழியிலை ஆமி மறிச்சுக் கேட்டால் பம்புக்கெண்டு சொல்லுங்கோ. விளங்குதோ?"

"ஓம்."

அவன் மூன்று பிறசுகளை எடுத்து வைத்தான். ஒன்று இரும்புக் கம்பி, ஒன்று பித்தளைக் கம்பி, ஒன்று நைலோன்.

"எது நல்லது?"

"கறள் கடுமையெண்டால் இரும்புதான் கெதியா எடுக்கும். ஆனால் இரும்பை இரும்பாலை தேய்ச்சால் கீறு விழும். கீறு விழுந்தால் திரும்பக் கறள் வந்து அதுக்கை குடியிருக்கும். எஞ்சினிலை நான் கண்டது அது. துவக்கிலை எப்பிடியெண்டு மாதாவுக்குத்தான் வெளிச்சம். நான் கடற்காரன், துவக்கு எனக்குத் தெரியாது, அம்மா. வீட்டிலை தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்லையோ?"

"இருக்கிறார். கதைக்கமாட்டார்."

"கோவமோ?"

"முந்திக் கோவமோ என்னவோ தெரியாது. இப்ப வாதம்."

கிறகோரி மூன்று பிறசுகளையும் காகிதத்தில் சுற்றினான். கூடவே தையல் மெசின் எண்ணெய்ப் போத்தல் ஒன்றையும் வைத்தான். "எல்லாத்தையும் கொண்டுபோய் அவருக்குக் காட்டுங்கோ. சரியானதை வைச்சுக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவாங்கோ" என்றான். தட்டிவானில் வரும்போது நல்லம்மா யோசித்தாள். முன்பின் தெரியாத ஒரு ஆள் தன்னோடு இவ்வளவு நேரம் நின்று கதைத்தது அவளுக்குப் புதினமாயிருந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒரு சுளகில் பரப்பிக் கட்டிலருகே கொண்டுபோனாள். துவக்கையும் கொண்டுபோய்க் காட்டினாள். கறளைக் கண்டதும் கதிரவேலரின் கண் இரண்டும் நிறைந்தது. அவரை அழுத கண்ணோடு அவள் அதுவரை கண்டதில்லை.

"பிழை விட்டிட்டம். ஏசுறதெண்டால் ஏசுங்கோ. இப்ப சொல்லுங்கோ, இதோ?" இரும்புப் பிறசைக் காட்டினாள்.

"இல்லை."

"இதோ?" பித்தளை.

"இல்லை."

"அப்ப இது?"

"இல்லை."

"எல்லாத்துக்கும் இல்லையெண்டால் நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?" அவளுக்குச் சன்னதம் வந்ததுபோல் கோபம் வந்தது. "முப்பது வருசமா இந்த வீட்டிலை இருக்கிறன். ஒண்டு சொல்லித் தந்தியளே? தொடாதை எண்டதைத் தவிர வேறை என்ன சொன்னனீங்கள்? இப்ப பெடியளைப் பிடிச்சுக்கொண்டு போகப்போறாங்கள், நான் ஒருத்தி தனியக் கிடந்து மாயிறன், நீங்கள் இல்லை இல்லையெண்டு கிடவுங்கோ!"

துவக்கோடு சுளகையும் தூக்கக் கை காணாமல், இரும்புப் பிறசை அவருடைய நல்ல கையான இடக்கையில் திணித்துவிட்டுத் திரும்பினாள். பின்னால் 'டணார்' என்று சத்தம். பிறசு சுவரில் பட்டு நிலத்தில் கிடந்தது.

நல்லம்மா பிறசையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். மெதுவாக வந்து நைலோன் பிறசைக் கையில் வைத்தாள். அது கட்டிலால் விழுந்தது. பித்தளைப் பிறசை வைத்தாள். விரல்கள் மூடின. பெருவிரல் அதன் கம்பிகளைத் தடவிப் பார்த்தது. "இல்லை" என்றார், ஆனால் விடவில்லை.

"அப்ப உங்கடை வாயைக் கேக்கக்கூடாது, கையைத்தான் கேக்கவேணும் என்ன?" என்றாள் நல்லம்மா.

அதன்பிறகு அந்தக் கட்டிலடியில் நடந்ததை இரண்டுபேர் கதைத்த கதை என்றுதான் சொல்லவேண்டும். ஒருத்தி கேட்டாள், ஒரு கை சொன்னது. தேங்காயெண்ணெயைக் காட்டினாள், கை தட்டிவிட்டது. "நல்ல எண்ணெய், போன கிழமைதான் ஆட்டுவிச்சது, உங்கடை தலைக்கு வைக்கிறது" என்றாள். கை இரண்டாம் தரமும் தட்டியது. மண்ணெண்ணெயைக் காட்டினாள், கை பித்தளைப் பிறசைத் தூக்கிக் காட்டியது. முதலில் மண்ணெண்ணெயில் தோய்த்துத் தேய்க்கவேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். தையல் மெசின் எண்ணெய்ப் போத்தலைத் திறந்ததும் அவர் மூக்கு விரிந்தது. அதைக் கையில் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அது கடைசிக்கு.

"துடைக்கிற துணி?" பழைய நைலெக்ஸ் சீலைத் துண்டொன்றைக் காட்டினாள். கை எறிந்தது. சாக்குத் துண்டைக் காட்டினாள், அதுவும் போனது. பிறகு அந்தக் கை அவர் உடுத்திருந்த நைந்த வேட்டியின் தலைப்பைப் பிடித்து இழுத்தது.

"ஐயோ, கட்டியிருக்கிறதையே உருவித் தரப்போறியள்?" நல்லம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "விடுங்கோ. பெட்டியிலை பழைய வேட்டி கிடக்கு, கிழிச்சுக்கொண்டு வாறன்."

கதிரவேலரின் முகத்தின் இடப்பக்கமும் கொஞ்சம் சிரித்தது. கிடுகு அப்படியே கிடந்தது. உலையில் கஞ்சி அடிப்பிடித்து மணத்தது. நல்லம்மா எழும்பிப் போகவில்லை.

பிறசைக் கோலில் கம்பியால் வரிந்து கட்டினாள். வாய்ப்பக்கத்தால் விடப்போனபோது கை அசைந்தது, திருப்பிப் பின்பக்கத்தால் விட்டாள். குழாயைவிடப் பிறசு மெலிதாக இருந்ததால் அடியில் துணி சுற்றிப் பருமனாக்கினாள். அந்த நாளும் அடுத்த நாளும் அவருடைய கண்ணுக்கு முன்னால் இருந்தே உள்ளும் புறமும் தேய்த்தாள். துணி முதலில் கறுப்பாய் வந்தது, பிறகு செம்மஞ்சளாய் வந்தது, பிறகு கிழித்துப்போட்ட வெள்ளையாகவே வந்தது. தேய்க்கத் தேய்க்க அவள் கதைத்தாள். சிவக்கொழுந்தின் மகன்களைப் பற்றி, நனைந்து அழுகிற ஓலையைப் பற்றி, கலியாணம் முடித்து வந்த வருஷம் இந்த வீட்டில் தான் பயந்து பயந்து படுத்ததைப் பற்றி. எவ்வளவோ சொன்னாள். அவர் கண் குழாயிலேயே இருந்தது. இருந்தாலும் ஒரு மனிசன் முன்னாலிருக்க மனம்விட்டுக் கதைப்பது எவ்வளவு சுகம் என்று அவள் அப்போதுதான் அறிந்தாள்.

கடைசியில் குழாயை அவர் கண்ணருகே பிடித்து யன்னல் வெளிச்சத்தைக் காட்டினாள். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் "இல்லை" என்று சொல்லாததை அவள் அதுதான் முதல் தரம் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கடைசியாக ஒரு தரம் எண்ணெய் பூசி, துவக்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு விதானையாரோடு போனாள். ஸ்ரேசன் விறாந்தையில் ஊர் ஊராக வந்த, வயல் செய்கிற கமக்காரர் துவக்குகளோடு நின்றார்கள். ஒருவர் முகத்திலும் இரத்தமில்லை. நல்லம்மாவின் முறை வந்தபோது மேசையிலிருந்த பொலிஸ்காரன் துவக்கை முறித்துத் திறந்து, குழாயை வானத்துக்குப் பிடித்துப் பார்த்தான். மணந்து பார்த்தான். பிறகு அவன் குழாயின் வெளிப்புறத்தில் விரலை வைத்து, "இது ஏன் வெள்ளை?" என்று கொச்சைத் தமிழில் கேட்டான்.

"புளி, ஐயா" என்றார் விதானையார். "வீட்டுக்காரர் வாதத்திலை படுக்கை. பொம்பிளையள் விளக்கு மினுக்கிற மாதிரிப் புளிபோட்டு மினுக்கிப்போட்டினம்."

"புளி?" அவன் பக்கத்திலிருந்தவனுக்குச் சிங்களத்தில் சொன்னான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மற்றக் கமக்காரரும் பயந்து பயந்து சிரித்தார்கள். சிரித்தபடியே அவன் துவக்கை விறாந்தை மூலைக்கு எறிந்தான்.

அங்கே துவக்குகள் விறகுபோலக் குவிந்து கிடந்தன. துடைத்தது, துடைக்காதது எல்லாம் ஒன்றாய்க் கிடந்தன. கூரைத் தாழ்வாரத்தால் ஒழுகிய தண்ணீர் நேரே அதற்கு மேல்தான் விழுந்துகொண்டிருந்தது.

"ஐயா, நனையுது" என்றாள் நல்லம்மா.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "வா, பிள்ளை. வந்த காரியம் முடிஞ்சுது. பெடியள் தப்பிச்சினம், அதைப் பார்" என்று விதானையார் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சிவக்கொழுந்து படலையில் நின்றாள். செய்தி கேட்டதும் நல்லம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். காய்ச்சி வைத்திருந்த கூழில் ஒரு சட்டி கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் மகன்களிடம் ஓடினாள். அவளுக்கு அங்கே வீடு நிறைய ஆள்.

நல்லம்மா உள்ளே போனாள். கதிரவேலர் அவளையே பார்த்தார்.

"குடுத்திட்டன். நல்ல துப்பரவெண்டு மெச்சினவங்கள்" என்றாள். "கண்ணாடி அலுமாரி ஒண்டு வைச்சிருக்கிறாங்கள். அதுக்கை, மழை படாமல், துணியாலை சுத்தி வைச்சவங்கள். நான் நிண்டு பாத்திட்டுத்தான் வந்தனான்."

அவர் நம்பினாரோ என்னவோ. இடக்கை மெல்ல வந்து அவள் கையைப் பிடித்தது. கலியாணத்தன்று ஐயர் சொல்லிப் பிடித்த பிறகு, அவர் தானாக அவள் கையைப் பிடித்தது இப்போதுதான். அவர் அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு மணந்தார். விரல்களில் மெசின் எண்ணெய் மணம் இருந்தது. அவர் கண்ணால் தண்ணீர் வடிந்தது. அவர் பிடித்திருந்தது துவக்கை என்று அவளுக்கு விளங்கியது. விளங்கி நெஞ்சு கசந்தது. என்றாலும் கையை இழுக்கவில்லை, இருட்டும்வரை அப்படியே இருந்தாள்.

பாத்திரம் கழுவி, துணி தோய்த்து, இரண்டொரு நாளில் மணம் போய்விட்டது. அவர் கையை எடுத்து மணந்து பார்த்தார். பிறகு விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நல்லம்மா அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மழை கிடுகில் விழுகிற சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை.

விளக்குக் கொளுத்தியபின் அவள் அந்த மெசின் எண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டு, கட்டில் விளிம்பில் போய் இருந்து கையை நீட்டினாள்.

"இந்தாங்கோ" என்றாள்.